எத்தனை பிளேட், பாபி?

தாராவியில் வீட்டில் இட்லி அவிப்பது நான். தலையில் சுமந்துபோய் தெருத்தெருவாக விற்றது என் வீட்டுக்காரர். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்ததில் அவருக்கு வலது கையும் பேச்சும் போய்விட்டன.

மாசக்கணக்காக நான்தான் ஊட்டினேன். ஒருநாள் இட்லித் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தபோது வாயைத் திறந்தார்.

"கித்னா பிளேட், பாபி?"

எத்தனை பிளேட் என்று வாங்க வருகிற பெண்களிடம் கேட்கிற அதே இந்தி. பாபியாம்! கட்டின பெண்டாட்டி நான் அவருக்கு அண்ணியாம்!

"ஏங்க, நான்தாங்க!" என்று கத்தினேன். மறுபடியும் அதையேதான் கேட்டார்.

"செத்த மூளை செத்ததுதாம்மா. இந்த அளவு பேச்சு வந்ததே பெரிசு," என்றார் டாக்டர். யாருக்குப் பெரிசு?

வீட்டுக்கு வந்ததும் மறுபடி கேட்டார். தோற்றுப்போய், "ஏக் பிளேட்," என்றேன். இடது கையால் ஒரு இட்லியை எடுத்து என் கையில் வைத்துச் சிரித்தார்.

இத்தனை வருஷத்தில் எனக்கு ஒருநாளும் காட்டாத சிரிப்பு.