சோகைப் பொம்மைகள் சொன்ன ஜப்பான் கதை

போன வருஷம் மாசி மாதம், கரும்பு வெட்டு மும்முரமாக இருந்த நேரம். எறையூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் நடந்தது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெரம்பலூரில் கல்லூரி முடித்து, போன் வழியாக ஜப்பானிய மொழியும் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு.

மொழி சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஜப்பானில் ஒரு மலையடிவாரச் சிற்றூர்க்காரர். தங்கள் ஊர்க்கதைகள் மறந்துபோகாமல் இருக்க, அங்கே துணியிலும் வைக்கோலிலும் பொம்மை செய்து, கூடி உட்கார்ந்து சொல்வார்களாம். ஒரு கதையை எனக்கும் சொன்னார். ஏரியில் மூழ்கிய கோயில் மணியைத் தேடி, மீனவர் மகள் ஒருத்தி பனிமூட்டத்தில் தண்ணீருக்குள் இறங்குவாள். அடியில் கிடக்கும் மணி அவள் பெயரைச் சொல்லி அடிக்கும். அதை எங்கள் ஊரில் பொம்மை வைத்துச் சொல்லி, வீடியோ காலில் அவர்கள் ஊராருக்குக் காட்டுவதாக நான் வாக்குக் கொடுத்தேன்.

பொம்மை செய்தவள் என்னோடு ஐந்தாவது வரை படித்த தோழி. இப்போது கரும்பு வெட்டப் போகிறாள். சோகை என்று நாங்கள் சொல்லும் காய்ந்த கரும்புத் தோகையை நனைத்து, முறுக்கி, முடிச்சுப் போட்டாள். அவள் கட்டி முடிப்பதற்குள் கதையை மூன்று தடவை வாசித்துக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெண்கள் கூடினார்கள். போனில் அந்த ஊர்க்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் முடிக்கும்வரை ஒரு சத்தம் வரக்கூடாது என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, தமிழில் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். யாரும் பேசவில்லை. கதையும் நகரவில்லை. என் குரல் எனக்கே ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி இருந்தது. போனில் ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். நம்பிக் கொடுத்த கதையை நான் சாகடித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் பொம்மையை ஆட்டிக்கொண்டிருந்த தோழி அதைக் கீழே வைத்தாள்.

"உம் கொட்ட ஆளில்லாம என்னாடி கதை? எழவு வூடு மாதிரி இருக்கு. தாள இப்படிக் குடு டீச்சரம்மா."

வாங்கிய தாளை மடித்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு, பொம்மையை மறுபடி எடுத்துக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவள் வாயில் அது எங்கள் ஊர் ஏரி ஆனது. பனிமூட்டம் கரும்புக்காட்டுப் பனி ஆனது. தப்பாகச் சொல்கிறாய் என்று காதில் கிசுகிசுத்தேன். அவள் சட்டை செய்யவில்லை. பெண்கள் 'உம்... உம்...' என்றார்கள். ஒவ்வொரு உம்முக்கும் சோகைப் பெண் ஓரடி ஆழம் இறங்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூசி மெல்ல மிதந்தது. கூடம் முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருந்தது.

அப்போது போனிலிருந்தும் ஓர் உம் வந்தது. கண்ணை மூடியிருந்த அந்தப் பெரியவர்தான். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தமிழ் தெரியாவிட்டாலும், பொம்மை போகும் போக்கிலேயே கதை எந்த இடத்தில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முடிந்ததும் அந்தப் பக்கம் ஆசிரியை போனுக்கு அருகில் வந்து பேசினார். அவர்கள் ஊரிலும் முன்பு கேட்பவர்கள் இப்படித்தான் குரல் கொடுப்பார்களாம். மேடை போட்டுச் சொல்ல ஆரம்பித்த பிறகு அது நின்றே போய்விட்டதாம். அந்த அக்காவை மறுபடியும் சொல்லச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

"வெட்டு இல்லாத நாளாப் பாத்து வெக்கச் சொல்லு" என்றாள் தோழி.

படித்த பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை. ஆனால் நான் பேசும்போது எதிரே இருப்பவர்கள் அமைதியாக இருந்தால், அதை மரியாதை என்று நினைத்துக்கொள்வதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டேன்.