குருசுமுத்துவின் எஞ்சின் பெட்டி

நெடுந்தீவுக் குருசுமுத்து, மனைவி ஜசிந்தாவின் தம்பி அம்புறோசின் படகில் கூலிக்குப் போனவர். வலையை எங்கே விடலாம் என்று அவர் வாயைத் திறந்தால் போதும், "எஞ்சின் ஆரின்ரை, அத்தான்?" என்று அம்புறோஸ் கேட்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்த ஒரு கேள்வியை அடக்கச் சொந்த எஞ்சின் வாங்க வேண்டுமென்றுதான் எண்ணெய் கொழிக்கும் ஒரு தேசத்துக்குப் போனார்.

எந்தத் தேசம் என்று கேட்காதீர்கள். நிலத்தைத் தோண்டினால் எண்ணெய் வரும். வங்கியைத் தோண்டினாலும் டொலர் வராது. இருந்த டொலரையும் அரசாங்கம் பூட்டி வைத்து, இறக்குமதி செய்பவர்களுக்கு மட்டும் மலிவாகக் கொடுத்தது. உடனே நாட்டிலுள்ள கெட்டிக்காரர் எல்லோரும் இறக்குமதிக்காரர் ஆனார்கள். குருசுமுத்துவின் முதலாளி அவர்களில் முதல்தரம். கொள்கலன் நிறையப் படகு எஞ்சின் என்று கடதாசி சொல்லும். கொள்கலன் வாசலில் அதிகாரிகளுக்குக் காட்ட ஒன்றிரண்டு எஞ்சின் நிற்கும், பின்னால் எல்லாம் வெறும் பெட்டி. மிஞ்சிய டொலர் முதலாளியின் வெளிநாட்டுக் கணக்குக்குப் போய்விடும். களஞ்சியத்துக்குப் பொறுப்பான குருசுமுத்து ஒவ்வொரு பெட்டியிலும் 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்து வைப்பார். பாவபுண்ணியம் பார்த்தால் சம்பளம் வராதே.

வந்த சம்பளமும் அந்த நாட்டு நோட்டு. ஊருக்கு அனுப்ப டொலர் கேட்டபோது வங்கியில் சிரித்தார்கள். கடைசியில் முதலாளி, காசுக்குப் பதிலாக ஒரு எஞ்சினைக் கொண்டுபோகச் சொன்னார். குருசுமுத்து ஏமாறுகிற ஆளா? பின்வரிசைப் பக்கமே போகவில்லை. வாசலில் நின்ற, பலகை இடுக்கால் மேல்மூடி பளபளவென்று தெரிந்த பெட்டியையே கேட்டு வாங்கினார்.

கொழும்பில் இறங்கினால் இங்கேயும் டொலர் இல்லை. எதை இறக்கலாம், எதை இறக்கக்கூடாது என்று நாளுக்கொரு சட்டம். இந்த எஞ்சினுக்காக நாட்டை விட்டு டொலர் போகவில்லை என்று வங்கி எழுதித் தரவேண்டுமாம். "போகாத டொலருக்கு நாங்கள் எப்பிடிக் கடிதம் தாறது?" என்றார் வங்கிக்காரர். அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்த பிறகு, சுங்க அதிகாரி ஒருவர் மனமிரங்கினார்.

"பெட்டியைத் திறவுங்கோ, பாப்பம்."

"ஏலாது ஐயா. சுவாமியார் தீர்த்தம் தெளிக்க முன்னம் புது எஞ்சினைத் திறக்கிறேல்லை. அது எங்கடை ஊர் வழக்கம்."

அதிகாரிக்கும் வேலை மிச்சம். பார்த்ததாக எழுதி அனுப்பிவிட்டார்.

நெடுந்தீவில் கோயில் வாசலில் பெட்டியை இறக்கியபோது ஊரே கூடியது. சுவாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். குருசுமுத்து அம்புறோசை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பலகைகளைக் கழற்றினார். மேல்மூடி நல்ல வடிவு. அதைத் தூக்கினார். உள்ளே ஒன்றுமில்லை. காட்டுவதற்கு வைத்த எஞ்சினுக்குக் குடல் எதற்கு?

சுவாமியார் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அனுப்பேக்கை இதை ஒருத்தரும் பாக்கேல்லையோ?"

ஜசிந்தா கீழே கிடந்த பலகையொன்றை எடுத்துப் பார்த்தாள்.

"பாத்திருக்கினம் சுவாமி. 'சரிபார்த்தேன்' எண்டு கையெழுத்தும் கிடக்கு. என்ரை மனுசன்ரை கையெழுத்து."

மறுநாள் விடிய குருசுமுத்து மறுபடியும் மச்சானின் படகில் ஏறினார். வேண்டுமென்றே, வலையை மேற்கே விடுவோம் என்றார். அம்புறோஸ் எதுவும் கேட்காமல் படகை மேற்கே திருப்பினான். அந்த இரக்கத்தைத்தான் குருசுமுத்துவால் தாங்க முடியவில்லை.