கண்டக்டரம்மாவின் அரணைக் கணக்கு

கண்டக்டரம்மாவுக்கு விரல் நீட்டி எண்ணும் பழக்கம் கிடையாது. கூட்டம் நெரியும் பஸ்ஸில் பின்படியில் நின்றபடி ஒரு பார்வை ஓட்டுவார். எத்தனை தலை, அதில் டிக்கெட் வாங்காத தலை எத்தனை என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு அதே கண்ணால் அரணைகளையும் தேரைகளையும் எண்ணினார். அவர் இறந்த அன்று வீட்டு வாசலில் டிப்போக்காரர்கள் ஒரு பக்கமும் தவளைக்காரர்கள் ஒரு பக்கமுமாக நின்றார்கள். இரண்டு கூட்டத்தையும் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் உள்ளே படுத்திருந்தார்.

இந்தப் பிராணிகளோடு அவருக்குப் பழக்கம் வந்தது பஸ்ஸில்தான். ஒரு மழைக்காலக் காலையில், ஊரில் பாதிப் பேருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்த பல் டாக்டர், மூடி போட்ட வாளியோடு வண்டியில் ஏறினார். வாளிக்குள் தொம் தொம் என்று சத்தம். என்ன என்று கேட்டதற்குத் தேரை என்றார். சாலையைக் கடக்கிறபோது சக்கரத்தில் நசுங்குகின்றனவாம். பிடித்துக்கொண்டுபோய் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் குட்டையில் விடப்போகிறாராம். நகர்ந்து இடம் கொடுக்க மாட்டேன் என்று அதுவரை முறைத்துக்கொண்டிருந்தவர்கள் இருக்கையை விட்டு எழுந்து முன்பக்கம் போய்விட்டார்கள்.

“எத்தனை டாக்டர்?” என்று கேட்டார் கண்டக்டரம்மா.

“முப்பது இருக்கும்மா.”

“இருக்கும்னா என்ன கணக்கு?”

மூடியை லேசாக நகர்த்தி அவரே எண்ணிப் பார்த்தார். முடியவில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டே இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டம் அவர் கண்ணுக்கு அடங்கவில்லை. அந்தக் கோபத்தோடு ஒரு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். ரிட்டயர் ஆனால் எங்களோடு வந்துவிடுங்கள் என்று டாக்டர் இறங்கும்போது விளையாட்டாகச் சொன்னார். கண்டக்டரம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலை, பணப்பை இல்லாத தோளில் தண்ணீர்ப் பாட்டிலை மாட்டிக்கொண்டு குட்டைக்குப் போய் நின்றார்.

அங்கே இருந்தவர்கள் டாக்டர், பேக்கரிக்காரர், விடுமுறை நாளில் மட்டும் வரும் இரண்டு டீச்சர்கள். எல்லாரும் சொந்த ஆசையில் வந்தவர்கள். டிப்போவின் பின்சுவருக்கும் பெரிய வடிகாலுக்கும் நடுவே யாருக்கும் வேண்டாத ஒரு நீளமான புல்தரை. அதில் ஒரு குட்டை. அங்கே என்னென்ன வாழ்கின்றன, கூடுகின்றனவா குறைகின்றனவா என்று வருடம் முழுவதும் பார்ப்பது இவர்கள் வேலை.

பார்ப்பதில் கோட்டைவிடவும் செய்தார்கள். தவளையைக் கண்ணால் பார்ப்பது கடினம் என்பதால் குரலை வைத்து எண்ணினார்கள். நாம் அதைப்போலக் கத்தினால் அது பதில் கொடுக்கும். இந்தக் கரையில் டாக்டர் கத்துவார், அந்தக் கரையில் பேக்கரிக்காரர் கத்துவார். இரண்டு பேருக்கும் எதிர்க்கரையிலிருந்து தவறாமல் பதில் வந்தது. கரைக்கு ஒரு தவளை என்று குறித்துக்கொண்டார்கள். கண்டக்டரம்மா நடுவில் நின்று கேட்டார். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் வாயை மூடுங்கள் என்றார். குட்டை நிசப்தமானது. அன்றிலிருந்து பேக்கரிக்காரருக்கு அக்கரைத் தவளை என்று பெயர்.

கண்டக்டரம்மாவுக்குப் பிடித்தது தகடு வேலை. பழைய கூரைத் தகடுகளைப் புல்லுக்குள் அங்கங்கே போட்டு வைப்பார்கள். காலை வெயிலில் தகடு சூடேறும். அரணையும் சிறு பாம்பும் குளிர் காய அடியில் வந்து படுக்கும். எதிர் ஓரத்தைப் பிடித்துத் தன் பக்கமாகச் சாய்த்துத் தூக்க வேண்டும். பாம்பு இருந்தால் நம் காலுக்கு வராமல் அந்தப் பக்கம் ஓடும். பார்த்து முடித்ததும் தகட்டை அப்படியே போட்டால் உயிர் நசுங்கும். அரணையை ஓரமாக ஒதுக்கி, தகட்டை வைத்து, அது தானாக உள்ளே போகும்வரை காத்திருக்க வேண்டும். “உள்ள போ, உள்ள போ, எடம் இருக்கு” என்பார் கண்டக்டரம்மா. போகும்.

மகளுக்கு இதெல்லாம் அம்மாவின் பொழுதுபோக்கு. அவள் வடிகால் வரைபடம் போடுகிற பொறியாளர். வெளியூர் வேலை, மாதம் ஒரு முறை வீடு. வரும்போதெல்லாம் சாப்பாட்டோடு குறையும் பரிமாறப்பட்டது. நீ கட்டுகிற வாய்க்காலுக்குச் சுவர் ஏன் இப்படிச் செங்குத்தாக இருக்கிறது, தேரை விழுந்தால் எப்படி ஏறும்? தேரைக்காகக் கட்டவில்லை, தண்ணீருக்காகக் கட்டுகிறோம் என்பாள் மகள். தண்ணீர் போய்விடும், தேரை அங்கேயே கிடக்கும் என்பார் அம்மா. அடுத்த வரைபடத்தில் மகள் ஒரு ஓரத்தில் சாய்வு வைத்தாள். வீட்டில் சொல்லவில்லை.

பிறகு டிப்போ விரிவாக்கம் வந்தது. புது வண்டிகள் நிற்க இடம் போதாதாம். புது மதில் வடிகால் ஓரமாகப் போகும், புல்தரையும் குட்டையும் உள்ளே அடங்கும், மேலே கான்கிரீட். டாக்டர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார்கள். வேலைக்குப் பொறுப்பான பொறியாளர் ஒரு காலையில் நேரில் வந்து பார்ப்பார். சொல்கிறபடி உயிர்கள் இருந்தால் மதிலைக் குட்டையை விட்டு டிப்போ பக்கம் இழுக்கலாம். இல்லையென்றால் வேலை ஆரம்பம். குட்டையின் தலையெழுத்து அந்த ஒரு காலையில் தொங்கியது.

மகள் அன்று ஊரில் இருந்தாள். அம்மாவோடு விடிந்ததும் போனாள். புல்தரையைப் பார்த்ததும் அம்மா ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

புல் இல்லை. சலூனுக்குப் போய்வந்த தலைபோல மைதானம் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. தகடுகள் சோப்புப்பொடி போட்டுத் தேய்க்கப்பட்டு, பேக்கரித் தட்டுகளைப்போல வரிசையாகப் பளபளத்தன. பெரிய மனுஷர் வருகிறார், குப்பையும் கூளமுமாக இருந்தால் நம்மை மதிப்பாரா என்று நினைத்துப் பேக்கரிக்காரர் தன் கடை ஆட்களை வைத்து முந்தின நாள் செய்த காரியம். மறையப் புல் இல்லாத இடத்தில் எந்த அரணை தங்கும்? ஒவ்வொரு தகடாகத் தூக்கினார்கள். ஈரமண், சோப்பு வாசனை, அவ்வளவுதான்.

பேக்கரிக்காரருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தார். திரும்பி வரும்போது கையில் ரிப்பன் கட்டிய கேக் பெட்டி. மூடியில் ஓட்டைகள்.

“அக்கா, ரெண்டு அரணை. நம்ம கடைக்குப் பின்னாடி விறகுல இருந்துச்சு. அந்தத் தகட்டுக்கு அடியில விட்டுடுவோம். அரணை புத்திதானே, எங்கேருந்து வந்தோம்னு அதுக்கே ஞாபகம் இருக்காது.”

டாக்டர் வானத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “அரணைங்க எப்பவும் இருந்த எடத்துலதானேம்மா வைக்கிறோம்” என்றார். சாலையில் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டது.

“தம்பி,” என்றார் கண்டக்டரம்மா. “பின்படியில நின்னே எனக்கு வயசு போச்சு. ஏறாத ஆளுக்கு ஒரு நாளும் டிக்கெட் கிழிச்சதில்ல. பொட்டிய கட்டு.”

பேக்கரிக்காரர் கட்டினார். அவசரத்தில் ரிப்பன் முடிச்சு விழவில்லை. கண்டக்டரம்மாவே வாங்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்.

பொறியாளர் இறங்கினார். கண்டக்டரம்மா ஒவ்வொரு தகடாகத் தூக்கிக் காட்டினார். எதிலும் ஒன்றும் இல்லை. கடைசித் தகட்டையும் நிறைந்த பஸ்ஸுக்கு விசில் கொடுக்கிற தோரணையோடு தூக்கி, வெறும் மண்ணைக் காட்டி, திரும்ப வைத்தார்.

“ஒண்ணுமே இல்லையேம்மா.”

“இல்லைங்க. இன்னைக்கு இல்லைன்னே எழுதிக்குங்க.” புல் வெட்டியதையும் தகடு கழுவியதையும் சொன்னார். யார் செய்தது என்று சொல்லவில்லை. நாங்கள் செய்த தப்பு என்றார்.

பொறியாளரின் பார்வை பெட்டிக்குப் போயிருந்தது. யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார். பேக்கரிக்காரர் தொண்டையைச் செருமினார். கண்டக்டரம்மா முந்திக்கொண்டார். அது அரணை, வேறு இடத்தில் பிடித்தது, தகட்டுக்கு அடியில் விட்டுக் காட்டலாம் என்று ஒரு யோசனை இருந்தது, வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

பொறியாளர் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். வெண்ணெய்த்தாளின்மேல் இரண்டு அரணைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடந்தன.

“இத வச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே.”

“தெரிஞ்சிருக்காதுங்க. ஆனா நாளைக்கு நாங்க எண்ணிச் சொன்னா நீங்க நம்பணும்ல?”

பார்க்காததை நான் எழுத முடியாது என்றார் அவர். ஒன்றும் இல்லை என்றுதான் எழுதினார். எழுதி முடித்துக் கொஞ்ச நேரம் குட்டையைப் பார்த்தார். முன்பக்க வேலையை முதலில் எடுக்கிறோம், பின்பக்கம் கடைசியில்தான் வரும், அதற்கு முன்னால் ஒரு தடவை வருவேன், ஆனால் சொல்லிவிட்டு வரமாட்டேன் என்றார்.

“செக்கிங்னா அப்படித்தாங்க வரணும்” என்றார் கண்டக்டரம்மா.

புல் வளரும்வரை பேக்கரிக்காரர் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. வைத்தால் ஏதாவது துடைத்துவிடுவோம் என்று அவருக்கே பயம். கண்டக்டரம்மா தினமும் போனார். பல நாள் ஒன்றும் இல்லை. இல்லை என்றே குறித்தார்கள். மழை பிடித்தது. புல் முழங்காலைத் தொட்டது. தகடுகளில் பழைய துரு ஏறியது. முதல் அரணை வந்த அன்று வீட்டுக்கு வந்து மகளுக்கு போன் செய்து, “ஒருத்தி ஏறிட்டா” என்றார். அப்போதே பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது. நுரையீரலில் நீர் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் விடுப்புப் போட்டு வந்தாள்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலை, வார்டில் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது பல் டாக்டர் போனில் கூப்பிட்டார். பொறியாளர் குட்டைக்கு வந்து நிற்கிறாராம். அம்மா கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, “போ பாப்பா” என்றார்.

மகள் அதுவரை தகட்டைத் தொட்டதில்லை. அன்று அவள்தான் தூக்கினாள், எதிர் ஓரத்தைப் பிடித்து, தன் பக்கமாகச் சாய்த்து. முதல் தகட்டில் ஒரு தேரை, கடன்காரனைப்போல நகராமல் உட்கார்ந்திருந்தது. அடுத்ததில் அரணைகள். அதற்கடுத்ததில் பென்சில் பருமனில் ஒரு சாரைக்குட்டி. பொறியாளர் பின்வாங்கிப் பேக்கரிக்காரர் காலை மிதித்தார். கடைசித் தகட்டுக்கு அடியில் ஒரு குடும்பமே கிடந்தது. அரணை மொத்தம் ஒன்பது என்றார் பொறியாளர். மகள் ஏழு என்றாள்.

“நான் ஒம்போது பார்த்தேனே.”

“கடைசித் தகட்டுல ரெண்டு வாலையும் சேர்த்துட்டீங்க சார். அதுங்களோட தலை இந்தப் பக்கம் இருந்துச்சு. தலை ஏழுதான்.”

தனக்கு லாபமான எண்ணை எவரும் குறைத்துச் சொல்லி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. ஏழு என்று எழுதினார். மதிலைக் குட்டைக்கு இந்தப் பக்கம் இழுத்துவிடுகிறேன், நாலு வண்டிக்கு இடம் குறையும், அவ்வளவுதான் என்றார். பேக்கரிக்காரர் மிதிபட்ட காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். காலுக்காக இல்லை.

மகள் அங்கிருந்தே அம்மாவுக்கு போன் செய்தாள். மதில் விஷயத்தைத்தான் முதலில் சொல்ல நினைத்தாள். அம்மா விடவில்லை.

“எத்தனை?”

“அரணை ஏழு. தேரை ஒண்ணு. சாரைக்குட்டி ஒண்ணு.”

“டாக்டர் எண்ணினாரா, நீ எண்ணினியா?”

“நான்தாம்மா.”

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

பக்கத்துக் கட்டில் அம்மாள்தான் மிச்சத்தைப் பின்னால் சொன்னார். போனை வைத்ததும் கண்டக்டரம்மா தலையணையை உயர்த்திக்கொண்டு, எம்பொண்ணு எண்ணிட்டா, ஏழு என்றாராம். நர்ஸிடம் சொன்னாராம். தரை துடைக்க வந்தவரிடம் சொன்னாராம். என்ன ஏழு என்று கேட்டேன், அரணைன்னாங்க, நான் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டேன் என்றார் அந்த அம்மாள். வார்டு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டபோதும் அவர் சொன்ன பதில் அதுதானாம்.