அணைத்தாலும் எரிய வேண்டிய விளக்கு

வயர்மேன் வேலையில் சுவரை உடைப்பது சுலபம். அந்தச் சுவரில் இருக்கிற ஸ்விட்சுக்குப் பழகிப்போன கையை மாற்றுவதுதான் கஷ்டம். தச்சர், பிளம்பர், ரேடியோ மெக்கானிக் என்று அடுத்தவர் வீட்டுக்குள் போய் வேலை செய்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். நாம் ஒன்றை நினைத்துப் பொருத்துவோம். வீட்டுக்காரர்கள் வேறு மாதிரி பயன்படுத்துவார்கள். பழி மட்டும் நம் தலையில் விழும்.

எண்பதுகளில் தர்மபுரியில் எனக்கு ‘ரிலே சண்முகம்’ என்று பேர். டி.வி.க்கு வைக்கிற ஸ்டெபிலைசர் பழுதானால் அதிலிருந்து ரிலேயைக் கழற்றி வைத்துக்கொள்வேன். ரிலே வேறொன்றுமில்லை, கை படாமல் வேலை செய்கிற சின்ன ஸ்விட்ச். கரண்ட் வந்தால் ‘டக்’கென்று ஒரு பக்கம் சாயும், கரண்ட் போனால் மறுபக்கம் சாயும். சுவரில் ஏற்கெனவே இருக்கிற ஸ்விட்சைப் பிடுங்காமல், அந்த ஸ்விட்ச் பலகைக்குப் பின்னால் இதை ஒளித்துவைத்து விளக்கைத் தானாக எரிய வைப்பேன். இன்றைக்குப் போனைத் தட்டி விளக்குப் போடுகிறவர்கள் சிரிக்கலாம். அன்றைக்கு அது பெரிய வித்தை. எனக்கும் அதற்குத் தகுந்த தலைக்கனம் இருந்தது.

நல்லம்பள்ளி வாசல் விளக்கு

நல்லம்பள்ளியில் ஒரு மாந்தோப்புக்காரர் வீடு. இருட்டினால் வாசல் விளக்கு தானாக எரிய வேண்டும், விடிந்தால் தானாக அணைய வேண்டும் என்றார். வெளிச்சத்தைப் பார்த்து வேலை செய்கிற புளியங்கொட்டை அளவு கண் ஒன்றைப் பெங்களூரில் வாங்கிவந்து, ரிலேயோடு சேர்த்து மாட்டினேன். ஒரே ஒரு நிபந்தனை: பழைய ஸ்விட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் விளக்கு தானாக எரிந்தபோது அக்கம்பக்கத்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள்.

நான்காம் நாள் ஆள் அனுப்பிவிட்டார். விளக்கு தானாக எரியவில்லையாம். போய்ப் பார்த்தால் பழைய ஸ்விட்ச் அணைந்திருந்தது. அவர் மனைவி சரோஜாம்மாதான் காலையில் கோலம் போட்டு முடித்ததும் அதை அணைக்கிறார், பொழுது சாய்ந்ததும் கை கால் கழுவிக்கொண்டு வந்து போடுகிறார். “அதைத் தொடவே வேண்டாங்கம்மா, தானா எரியும்” என்று நானும் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “விளக்கு வெக்கிற நேரத்துல நான் வெச்சுக் கும்புட்டாத்தானுங்க வூட்டுல விளக்கு வெச்ச மாதிரி இருக்குது, அது பாட்டுக்கு எரிஞ்சா நான் எப்பக் கும்புடறது?”

தலைமையாசிரியர் ஒட்டிய காகிதம்

கடத்தூரில் ஒரு தலைமையாசிரியர் வீட்டில், கரண்ட் போனால் பேட்டரி பல்பு தானாக எரிகிற மாதிரி செய்து கொடுத்தேன். இதிலும் அதே கதைதான். கூடத்து ஸ்விட்சை யாராவது அணைத்துவிட்டால், கரண்ட் போய்விட்டது என்று ரிலே நினைத்துக்கொள்ளும். பட்டப்பகலில் பேட்டரி பல்பு எரிந்து தீர்ந்துவிடும். உண்மையிலேயே கரண்ட் போகிறபோது ஒன்றும் இருக்காது.

சார் கண்டிப்பானவர். ‘இதை அணைக்கக் கூடாது’ என்று முத்து முத்தாக எழுதி ஸ்விட்சுக்கு மேலே ஒட்டிவிட்டார். பிள்ளைகள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனாலும் மூன்று முறை பேட்டரி தீர்ந்தது. நான்காம் முறை நான் அங்கே இருக்கும்போதே, சார் குடையை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினார். போகிற போக்கில் அவர் கை நீண்டு அந்த ஸ்விட்சை அணைத்தது. நான் காகிதத்தைக் காட்டினேன். சார் அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: “எழுதுனது நாந்தாம்ப்பா, ஆனா அணைச்சது கைதானே?”

மாதையனின் கேலி

இந்த இரண்டையும் டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். ஜனங்களுக்கு விவரம் போதாது என்பதுதான் என் கட்சி. என்னோடு சேர்ந்து தொழில் செய்த மாதையன் மட்டும் சிரிக்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்: “சுவத்துல சுவிட்சுன்னு ஒண்ணு இருந்தா அணைக்கத்தான்டா செய்வாங்க, அவுங்க அணைச்சாலும் எரியற மாதிரி பண்ண உனக்குத் துப்பில்லையா?”

காலில் கட்டிய நாடா

எங்கள் கடைக்குப் பின் தெருவில் கரீம் பாய் என்று ஒரு தையல்காரர். பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. பேச்சு போகவில்லை. நாம் பேசுவதை வாயைப் பார்த்தே புரிந்துகொள்வார். புரியாவிட்டால் தையல் சாக்பீஸை நீட்டுவார், வெட்டுகிற மேசையில் எழுதிக் காட்ட வேண்டும். அவர் மனைவி நூர்ஜஹானுக்கு என் தங்கை வயது. அப்போது ஆறு மாதக் கர்ப்பம். அதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லை. இந்தத் தடவை கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முன்னறையில் மெஷின், பின்னறையில் கட்டில். அவள் கூப்பிட்டால் இவருக்குக் கேட்காது.

அதற்காக ஒரு பாவாடை நாடாவை நீளமாகத் தைத்து, ஒரு முனையைக் கட்டில் சட்டத்திலும் மறு முனையைத் தன் கணுக்காலிலும் கட்டியிருந்தார். அவள் இழுத்தால் எழுந்து ஓடுவார். ஆனால் மெஷினை மிதிக்கும்போது நாடா சுற்றிக்கொண்டு காலை அறுத்தது. புண்ணைக் காட்டிக்கொண்டு கடைக்கு வந்தார், விளக்கை வைத்துக் கூப்பிட வழி உண்டா என்று கேட்டார்.

அன்றைக்கே செய்தேன். கட்டில் ஓரம் காலிங் பெல் ஸ்விட்ச், முன்னறைப் பலகைக்குப் பின்னால் ரிலே. அவள் அழுத்தினால் மெஷினுக்கு மேலே எரிகிற பல்பு அணையும், விட்டால் எரியும். அதற்குப் பல்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். ‘பகலிலும் அணைக்கக் கூடாது’ என்று மேசையில் எழுதிக் காட்டினேன், தலையாட்டினார். நூர்ஜஹான் மூன்று முறை அழுத்தினாள். பல்பு மூன்று முறை கண் சிமிட்டியது. நானே குனிந்து அவர் காலிலிருந்த நாடாவை அவிழ்த்துச் சுருட்டி அவள் கையில் கொடுத்தேன். “கரண்ட் போனா மட்டும் கட்டிக்கம்மா, மத்தபடி இனிமே இது எதுக்கு?” என்றேன். கரீம் பாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: “இனிமே இவ கூப்புட்டா எனக்குக் கண்ணுல கேக்குமுங்க!”

பகல் வெளிச்சம்

ஆறு வாரம் ஒரு குறையும் இல்லை. ஒரு வியாழக்கிழமை மதியம் கரீம் பாய் தொழுகைக்குக் கிளம்பினார். அந்த நேரத்துக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து உட்கார்வது வழக்கம். வாசல்படியைத் தாண்டும்போது அவர் கை ஸ்விட்சை அணைத்துவிட்டது. அவருக்கே அது தெரியாது. அவர் திரும்பி வந்ததும் அந்த அம்மாள் தன் வீட்டுக்குப் போய்விட்டார். ஜன்னலில் வெயில் நன்றாக இருந்தது. பல்பு எரியாததைக் கவனிக்காமல் இவர் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார்.

நூர்ஜஹானுக்கு வலி எடுத்தது. அழுத்தினாள். விட்டு விட்டு அழுத்தினாள், பிறகு விடாமல் அழுத்தினாள். அணைந்திருக்கிற பல்பு எப்படி மறுபடி அணையும்? அவர் தலைக்கு மேலே பலகைக்குள் என் ரிலே ஒவ்வொரு அழுத்தலுக்கும் டக், டக் என்று அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். காது கேட்கிற யாராவது அந்த அறையில் இருந்திருந்தால் போதும். கடைசியில் அவள் கட்டிலிலிருந்து இறங்கித் தவழ்ந்து வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாதம் நிறையாத ஆண் குழந்தை. மறுநாள் விடியும்வரை உயிரோடு இருந்தது.

மூன்றாம் நாள் போனேன். கரீம் பாய் என்னை அந்தப் பலகைக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார். தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர் அன்றைக்கு மெதுவாகச் சொன்னார்: “உங்க வேலையில தப்பில்லீங்க சண்முகண்ணே, இந்தக் கைதான் அணைச்சுது.”

இரண்டு வழி ஸ்விட்ச்

தப்பு என்னுடையதுதான். சரோஜாம்மா சொன்னார், தலைமையாசிரியர் சொன்னார், மாதையன் முகத்துக்கு நேராகவே கேட்டான். மூன்றையும் நான் டீக்கடையில் சிரிக்கிறதற்கு வைத்துக்கொண்டேன். வெட்கத்தில் ஒன்றரை வருஷம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

நூர்ஜஹான் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், கூப்பிடாமலே மாதையனையும் அழைத்துக்கொண்டு போனேன். மாடிப்படி விளக்கு தெரியும்தானே? கீழேயும் ஒரு ஸ்விட்ச், மேலேயும் ஒரு ஸ்விட்ச். எதைத் தட்டினாலும் விளக்கு மாறும். அந்த இரண்டு வழி ஸ்விட்சைப் பழைய ஸ்விட்ச் இருந்த அதே இடத்தில் வைத்தோம். மாடி ஸ்விட்சுக்குப் பதில் ரிலே. இனி அவள் அழுத்தினால் எரிகிற பல்பு அணையும், அணைந்திருக்கிற பல்பு எரியும். அவர் கை என்ன செய்தாலும் அவள் கூப்பிடுவது தெரியும். புதிதாக வாங்கியது அந்த ஒரு ஸ்விட்ச் மட்டும்தான்.

கரீம் பாய் தானே பல்பை அணைத்தார். பின்னறையிலிருந்து அவள் அழுத்தினாள். பட்டப்பகலில் பல்பு எரிந்தது. அவர் மறுபடி போட்டார், அணைத்தார், போட்டார். ஒவ்வொரு முறையும் அவள் பதில் சொன்னாள். விடைபெறப் பின்னறைக்குப் போனேன். நான் சுருட்டிக் கொடுத்த நாடா அவள் தலைமாட்டில் அப்படியே இருந்தது. நாங்கள் வந்த நேரம் என்ன என்று அவள் கடிகாரத்தைப் பார்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. கோபமாகக் கேட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் கேட்டாள்: “அரை மணி நேர வேலைதானாங்கண்ணே?”

அந்தத் தடவை பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது என்றாலும், ஊரில் எல்லா வயர்மேனும் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறபோது நான் மட்டும் அணைத்துப் பார்க்காமல் எந்த வீட்டையும் விட்டுக் கிளம்புவதில்லை.