நல்ல சுகம்

நான் கோட்டாற்றில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருப்பவள். ஒரு துணியை மேஜையில் விரித்து, கத்திரியை ஒரு மூச்சில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. மயிலாடிக்குப் போகிற வழியில் ஒரு கார் என் ஸ்கூட்டியை இடித்துத் தள்ளியதில் வலது தோள் எலும்பு நொறுங்கியது. பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடியது, கை பழையபடி எழும்பவில்லை. தையல் ஓட்ட முடிந்தது, வெட்டத்தான் முடியவில்லை. வெட்டுவதற்குச் சம்பளத்துக்கு ஓர் ஆளைப் போட வேண்டும், இல்லையென்றால் கடையைப் பூட்ட வேண்டும். நஷ்டஈட்டு வழக்கை நான் பிடிவாதமாக நடத்தியது இதற்காகத்தான்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனதால், மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார் எங்கள் வக்கீல். "நீங்க ரொம்பப் பேசாண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்" என்று எச்சரித்துத்தான் கூட்டிப்போனார். என் வாயைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும்.

நீதிபதி வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த அம்மா. முகத்தில் நல்ல களை. எங்கள் ஊர்ப் பேச்சைக் கொஞ்சம் பழகியிருப்பார் போல. நான் எதிரே போய் உட்கார்ந்ததும் சிரித்துக்கொண்டே, "சுகமா இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"நல்ல சுகம்மா" என்றேன்.

வக்கீல் தலையில் கை வைத்ததைப் பார்த்த பிறகுதான் நான் செய்த காரியம் உறைத்தது. அதற்குள் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் பிடித்துக்கொண்டார். "பாருங்கம்மா, அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. டாக்டர் எழுதின குறைபாடெல்லாம் இப்ப இல்ல" என்று சொல்லி, இரண்டு வக்கீல்களும் முன்பே பேசி வைத்திருந்த தொகையில் பாதிக்கு இறங்கினார்.

எனக்கு வந்ததே கோபம். "அம்மா, அது பதிலில்ல, மரியாதை. எங்க ஊருல ஐசியூல கெடக்க ஆளுட்ட கேட்டாலும் சுகம்னுதான் சொல்லுவாவ. கேக்க வந்தவிய மனசு சங்கடப்படக்கூடாதுல்லா?"

பின்னால் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நீதிபதியம்மாவும் சிரித்துவிட்டார். "சரி, நலம் விசாரிச்சது போதும். இப்ப விசாரணையாவே கேக்கிறேன். எந்தெந்த வேலை முடியல?"

கையைத் தூக்கிக் காட்டினேன். தோள் மட்டம்கூட வரவில்லை. கத்திரி பிடித்தால் பாதித் துணியில் கை நின்றுவிடுகிறது என்றேன். மேல் அலமாரியில் ஒரு டப்பா எடுக்க முடியாது என்றேன். அடுத்ததைச் சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை, என் தங்கையிடம்கூட. ஊர் முழுக்க ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிற கை, என் சொந்தக் காரியத்துக்கு உதவவில்லை என்று சொல்ல அவ்வளவு வெட்கமாக இருந்தது.

"தலை…" என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்தார். மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் ஏறுவாரே தவிர நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டார். "தலை பின்னி விடுறது நான்தாம்மா. காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னால. முதல்ல கோணலா வந்துது, இப்ப பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நீதிபதியம்மா என் பின்னலைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ஆனால் வெட்கம் அப்போது போய்விட்டிருந்தது.

பிறகு நானே பேசினேன். வெட்டுவதற்கு ஓர் ஆளை வைத்துச் சம்பளம் கொடுக்கிற அளவுக்கு வேண்டும், அதற்குக் கீழே இறங்கினால் கையெழுத்துப் போட மாட்டேன், வழக்கு எத்தனை வருஷம் நடந்தாலும் நடக்கட்டும் என்றேன். எங்கள் வக்கீல் இந்தத் தடவை என்னைத் தடுக்கவில்லை. கம்பெனி வக்கீல் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். திரும்பி வந்து, சரி என்றார்.

கடை திறந்துதான் இருக்கிறது. வெட்டுவதற்கு வந்திருக்கும் பெண் கெட்டிக்காரி. அளவும் கழுத்து வடிவமும் நான் சொல்கிறேன், கத்திரி அவள் கையில். வாடிக்கைக்காரர்கள் குறையவில்லை, இரண்டு பேர் கூடியும் இருக்கிறார்கள். நான் கேட்டதை வாங்கிவிட்டேன், அதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் அவள் பட்டுத்துணியை விரித்து, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வெட்டி முடிக்கும்போது, பொறாமையில் என் வயிறு எரிகிறது.