பாத்ரூமுக்குப் படங்கு கட்டிய கதை

எங்கள் வீட்டு கேஸ் கீசரை நானே ரிப்பேர் பார்த்துவிட்டேன். மெக்கானிக் எதற்கு?

...சரி, பொய். நான் பார்த்தது ரிப்பேர் இல்லை. கட்டின பெண்டாட்டியைச் சாகடிக்கப் பார்த்தேன்.

ரோஸ்மேரிக்கு மூட்டுவலி. வெந்நீர் ஊற்றினால்தான் கால் மடங்கும். நான் சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போய்வந்த காலமெல்லாம், என் உடம்பு உப்பைக் கழுவ அடுப்பில் வெந்நீர் வைத்துக் காத்திருந்தவள். இப்போது நான் கரையேறியாச்சு. பதிலுக்கு நான் என்ன செய்ய? ஒரு கேஸ் கீசர் வாங்கி பாத்ரூமில் மாட்டினேன்.

தூத்துக்குடியில் கச்சான் காற்று தொடங்கியது. மேற்கேயிருந்து மண்ணை வாரி இறைக்கிற காற்று. பாத்ரூம் ஜன்னலும் மேற்கே பார்த்தது. பர்னர் எரியும்... அணையும். மறுபடி எரியும்... அணையும். தலையில் சோப்போடு அவள் கத்துவாள்.

"ஏங்க! உங்க கீசரு செத்துப்போச்சு!"

மெக்கானிக் முத்துராசுக்கு போன் போட்டிருக்கலாம். ஆனால் காற்றைப் பற்றி எனக்கு ஒருத்தன் பாடம் எடுப்பதா? பள்ளிக்கூடத்தில்கூட எவனும் எடுத்ததில்லையே!

தோணியில் காற்று அடித்தால் சமையல் அடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டுவோம் — சரக்கு நனையாமல் மூடுகிற கெட்டித் துணி. பரணில் ஒரு துண்டு கிடந்தது. ஜன்னலை மூடி இழுத்துக் கட்டினேன். கடலில் போட்ட அதே முடிச்சு. பொட்டுக் காற்று உள்ளே வரவில்லை.

சாயங்காலம் அவள் குளிக்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் பர்னர் அணைகிற சத்தம். ஆனால் அவள் கத்தவில்லை.

"ஏளா... அணைஞ்சிட்டா?"

என்னைத் திட்டாத ரோஸ்மேரியா? கதவை முட்டித் திறந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கிறக்கமா வருது..."

சேலையைச் சுற்றி முற்றத்துக்குத் தூக்கி வந்தேன். கச்சான் முகத்தில் அடித்த பிறகுதான் கண்ணை நன்றாகத் திறந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்து, பயமில்லை என்றார்கள். திரும்புகிற வழியிலேயே முத்துராசுக்கு போன் போட்டேன்.

மறுநாள் முத்துராசு வந்தான். படங்கைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, தோணியில மேல வானம். இங்கன கான்கிரீட்டுல்லா? உள்ள காத்து தீந்துதான் நெருப்பு அணைஞ்சிருக்கு. அக்காவுக்கும் அதே காத்துதான? வெசப்புகை வேற!"

கீசரைக் கழற்றி வெளியே முற்றத்துச் சுவரில் மாட்டினான். ஜன்னல் திறந்தாச்சு. கீசருக்குக் காற்று மறைக்க ஒரு தகரத் தடுப்பு செய்து வருவதாகச் சொல்லிப் போனான்.

அதுவரைக்கும்? நான்தான் தடுப்பு! அவள் குளித்து முடிக்கிற வரை, கச்சானுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையிலும் படங்கை விரித்துக்கொண்டு எட்ட நிற்கிறேன். உள்ளே அவள், வெளியே நான். பேச்சு நிற்கவே கூடாது என்பது என் சட்டம். நான் கடலில் கிடந்தபோது அவள் யாரிடமும் சொல்லாத கதையெல்லாம் இப்போது ஜன்னல் வழியாக வருகிறது...

நேற்று பஜாரில் முத்துராசுவைப் பிடித்தேன்.

"தடுப்பு எங்கலே?"

"அது எப்பமோ ரெடி அண்ணாச்சி. கச்சான் முடியட்டும், மெதுவா கொண்டாந்தா போதும்னு அக்காதான் சொல்லிட்டாவ."

ஏன் அப்படிச் சொன்னாளாம்? இன்றைக்கு அதைக் கேட்டே விடுவது என்று —

"ஏங்க! அங்கன என்ன எழுத்து? அணைஞ்சிட்டு! படங்கத் தூக்கிட்டு வாங்க!"

வாரேன்ளா!