இண்டூர் சிவலிங்கத்துக்கு வண்டி தேடியது

1. பெரிய வண்டி

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு நான் தருமபுரி சேலம் ரோட்டில் ஒரு மோட்டார் ஷெட்டில் ஹெட் மெக்கானிக்காக இருந்தேன். எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் ரிப்பேர்தான் முக்கிய வேலை. அத்துடன் முதலாளி பழைய கார்களை வாங்கி, பெயிண்ட் அடித்து விற்பார். விற்கிற வண்டியைப் பார்த்துச் சரி சொல்வது என் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் நான் செய்த பெரிய தவறு ஒன்றை இங்கே எழுதுகிறேன். இப்போது ஷெட்டுகளில் வேலைக்குச் சேருகிறவர்கள் படிக்கட்டும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் இண்டூரிலிருந்து மாதையன் என்ற பெரிய விவசாயி தன் மகனோடு வந்தார். மகன் பெயர் சிவலிங்கம், வயது இருபத்திரண்டு. வலது கால் முழங்காலுக்குக் கீழே சூம்பியிருந்தது. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் போன கால். கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. ஆனால் தோளும் கையும் நல்ல உரம்.

முதலாளி அவர்களை நேராகப் பெரிய கறுப்பு மூடு வண்டியிடம் அழைத்துப் போனார். அது ஆறு மாதமாக ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது.

"இதுதாங்க உங்க அந்தஸ்துக்கு ஏத்தது. பின்னால சாஞ்சு உக்காந்தா வூட்டுக் கூடத்துல உக்காந்த மாதிரி இருக்கும். டிரைவரும் நானே பாத்துத் தரேன்."

மாதையன் தலையை ஆட்டினார். மகன் பின்கதவைத் திறக்கவில்லை. முன்னால் போய் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்தான்.

"எனக்கு ஊரு போயி சேர்றதுக்கு வண்டி வேணாங்க. ஓட்டறதுக்கு வேணும்."

"எப்பிடிடா ஓட்டுவ?" என்றார் அப்பா.

"அத மேஸ்திரி சொல்லட்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளியின் கண் என்ன சொன்னது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இருந்தாலும் உண்மையைச் சொன்னேன். "ஓட்டலாங்க. ஆக்ஸிலேட்டருக்குப் பதிலா ஸ்டீயரிங்குல கைத் திராட்டில் இருக்குது. இடது கால் கிளட்சுக்குப் போதும். பிரேக்கைக் கையால போடணும். ஆனா இந்த வண்டியில முடியாது. கிளட்சை மிதிக்க எனக்கே மூச்சு வாங்குது. சின்ன வண்டியா, லேசா இருக்கணும்."

அவர்கள் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நீ எங்கிட்ட வேல செய்யறியா, அந்தப் பையங்கிட்ட செய்யறியா?"

"வண்டிய பாத்துச் சொல்லுன்னுதானே வெச்சிருக்கீங்க. சொன்னேன்."

அவர் வேலையை விட்டு நீக்கவில்லை. அந்த வட்டாரத்தில் வேறு மெக்கானிக் கிடையாது.

2. சிவப்பு வண்டி

சிவலிங்கம் முதலில் ஓட்டிப் பழக வேண்டும். ஷெட்டில் ஒரு ஓட்டை லாரி இருந்தது, ஸ்பிரிங் தளர்ந்து கிளட்ச் லேசாகிப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை இண்டூருக்கு எடுத்துப் போவேன். காய்ந்த ஏரிக்குள் ஒன்றரை மாதம் சிவலிங்கம் ஓட்டினான். அந்தக் காலத்து கியர் பெட்டிக்கு இரட்டைக் கிளட்ச் போட வேண்டும். ஒரு தடவை மிதித்து நியூட்ரல், விட்டு என்ஜின் வேகத்தைத் தூக்கி, மறுபடி மிதித்து கியர். இரண்டு கால் உள்ளவர்களே கியர் பல்லை உடைப்பார்கள். அவன் மூன்றாவது ஞாயிறன்றே சத்தமில்லாமல் போட்டான். விரல் நுனியால் திராட்டிலைத் தட்டித் தட்டி என்ஜினின் சுருதியைச் சரியாகக் கொண்டுவருவான். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

விலை அதிகம் போகக் கூடாது என்பது மாதையன் போட்ட நிபந்தனை. மகன் போட்ட நிபந்தனை வேறு. "மெதுவா போனாலும் வேகமா போற மாதிரி இருக்கணுங்க மேஸ்திரி. மூடி போட்டது வேணாம். காத்து மூஞ்சில அடிக்கணும்."

சேலத்தில் ஒரு எஸ்டேட் மேனேஜரிடம் சிவப்பு டூ-சீட்டர் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். தரையோடு ஒட்டிய உடம்பு, வெளியே தெரியும் எக்ஸாஸ்ட் குழாய், பானெட்டுக்கு மேல் தோல் பட்டை. அதைப் பார்த்ததும் சிவலிங்கத்தைவிட எனக்குத்தான் மனசு பறிபோனது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். என் வாழ்நாளில் அப்படி ஒரு வண்டியை நான் ஓட்டியதில்லை.

நான் ஓட்டிப் பார்த்தேன். என்ஜின், கியர், ஸ்டீயரிங் எல்லாம் சுத்தம். பிரேக்கை மிதித்தேன், ஆணி அடித்தது போல் நின்றது. ஒரு நாள் சோதனைக்கு வாங்கிக்கொண்டு தருமபுரிக்குக் கிளம்பினோம். தொப்பூர் கணவாயில் ஏறும்போது ஸ்டீயரிங்கை அவனிடம் கொடுத்தேன். அந்த வண்டி வளைவுகளில் அவன் கைக்குள் கிடந்தது. மேலே வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"இன்னொரு தடவ இறங்கி ஏறலாங்களா?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. எனக்கும் ஆசைதான்.

இறக்கத்தில் நாலாவது வளைவு தாண்டியபோது கருகிய வாடை வந்தது. அவன் கைப்பிரேக்கை இன்னும் இழுத்தான். வண்டி வேகம் குறையவில்லை. அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. சேலத்தில் நான் சோதித்தது கால் பிரேக்கை. இவன் பிடித்துக்கொண்டு வருவது கைப்பிரேக். அது பின்சக்கரம் இரண்டை மட்டும்தான் பிடிக்கும். நிறுத்திய வண்டியை நகராமல் வைத்திருக்கப் போட்டது. மலை இறக்கத்துக்கு அது எப்படித் தாங்கும்?

"கியரைக் குறைங்க!" என்று கத்தினேன். அவன் முயன்றான். வேகம் அதிகமாக இருந்ததால் கியர் விழவில்லை, நியூட்ரலில் நின்றுவிட்டது. என்ஜினின் பிடியும் போய் வண்டி பறக்க ஆரம்பித்தது. மறுபடி கியர் போடப் பார்த்ததில் அவன் இடது கால் கிளட்சிலேயே இருந்தது. நான் கியர் லீவரைத் தாண்டி என் காலை நீட்டிக் கால் பிரேக்கை எட்டப் பார்த்தேன். எட்டவில்லை.

ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலை. சிவலிங்கம் ஸ்டீயரிங்கை ஒடித்தான். மலைப்பக்கம் இருந்த மழைத்தண்ணீர் ஓடையில் சக்கரத்தை இறக்கினான். பாறையில் உரசிக்கொண்டே இருபது கெஜம் போய் வண்டி நின்றது. அவன் நெற்றி கிழிந்தது. என் மணிக்கட்டு பிசகியது. அவ்வளவோடு போயிற்று. அது அவன் செய்த காரியத்தால். என்னால் அல்ல.

3. மாதையன் வந்தது

மறுநாள் மாதையன் ஷெட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எம் மவனுக்கு ஒரு காலுதான் போச்சு. நீ உசுரையே எடுத்துடுவ போல இருக்குதே மேஸ்திரி."

"தப்பு என்னுதுங்க" என்றேன். "வண்டிய எங்காலால சோதிச்சேன். அவரு காலால சோதிக்கல."

முதலாளி இடையில் வந்து, "அதுக்குத்தாங்க நான் மொதல்லயே பெரிய வண்டியும் டிரைவரும்னு சொன்னேன்" என்றார். மாதையன் அவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கதை முடிந்தது என்று நினைத்தேன். அடிபட்ட சிவப்பு வண்டியை நானே நிமிர்த்திக் கொடுப்பதாக எஸ்டேட் மேனேஜரிடம் ஒப்புக்கொண்டு அந்த வேலையில் இருந்தேன். நாலாம் நாள் ஷெட் வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. நெற்றியில் கட்டோடு சிவலிங்கம் இறங்கினான். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"அடுத்த வண்டி எங்க இருக்குதுங்க?"

"உங்கப்பா?"

"அவரு கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க வண்டிய பாருங்க. இந்தத் தடவ எங்காலால பாருங்க."

4. கோழி அடைகாத்த வண்டி

கிருஷ்ணகிரியில் ஓய்வு பெற்ற ஒரு சர்வேயர் வீட்டில் வைக்கோல் கொட்டகையில் ஒரு பேபி கார் இருந்தது. குட்டி வண்டி என்பதால் அந்த ரகத்துக்கு ஊரில் அந்தப் பெயர். சீட்டில் கோழி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. மேல் துணி கிழிந்து தொங்கியது. பெயிண்ட் என்ன நிறம் என்று சொல்ல முடியாது. சர்வேயர் கேட்ட விலை நல்ல ஒரு ஜோடி மாட்டின் விலைகூட இல்லை.

சிவலிங்கத்தின் முகம் வாடிவிட்டது. "இதுங்களா?"

நான் அடியில் படுத்துப் பார்த்தேன். கைப்பிரேக்கும் கால் பிரேக்கும் ஒரே கம்பியைத்தான் இழுத்தன. எதைப் போட்டாலும் நாலு சக்கரமும் பிடிக்கும். கிளட்ச் லேசு. இரண்டு விரற்கடை அசைந்தால் போதும். கோழியை முட்டையோடு கூடைக்கு மாற்றிவிட்டு முடுக்கிப் பார்த்தேன், செல்ஃப் ஸ்டார்ட்டர் வேலை செய்தது. இறங்கிக் கைப்பிடி சுற்ற வேண்டாம். சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே ஒன்றும் இல்லாதது போல, ரோட்டின் ஒவ்வொரு கல்லும் ஓட்டுகிறவன் கைக்குத் தெரியும். இருபத்தைந்து மைல் வேகத்தில் போனால் ஐம்பதில் பறப்பது போல் இருக்கும்.

"உக்காந்து நீங்களே ஓட்டுங்க" என்றேன்.

கிருஷ்ணகிரி மலையைச் சுற்றிப் போய்த் திரும்பி வந்தான். வந்தவன் இறங்கவில்லை. மறுபடியும் சுற்றப் போய்விட்டான். சர்வேயர் என்னிடம், "வித்துப்போச்சுன்னு வெச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

ஷெட்டுக்குக் கொண்டுவந்து மூன்று வாரம் வேலை செய்தேன். பிரேக் கம்பி, லைனிங் எல்லாம் புதிது. கைப்பிரேக் லீவரை ஒரு சாண் நீட்டினேன். திராட்டில் லீவருக்குப் பித்தளையில் ஒரு ஒட்டுப் போட்டு, ஸ்டீயரிங்கை விடாமலே விரல் எட்டும்படி செய்தேன். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

5. துண்டு

வேலை முடிந்த அன்று மாதையன் வந்தார். மகன் சொல்லித்தான் வந்தார். வண்டியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது தொப்பூர் கணவா இறங்குமா?"

"இறங்குங்க."

"சரி. அப்ப நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன். ஆனா உன் வலது கால கட்டிப்புட்டுத்தான் ஓட்டணும்."

சிவலிங்கம் பஸ்ஸில் முன்னதாகப் போய்க் கணவாய் அடிவாரத்தில் காத்திருந்தான். நாங்கள் இருவரும் வண்டியில் மேலே போய் நின்றோம். மாதையன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வலது காலை சீட்டின் கீழ்க் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். மாடு கட்டுகிற முடிச்சு. அசைக்கவே முடியவில்லை.

இருபது வருஷம் வண்டி ஓட்டியவன் நான். அன்று இறக்கத்தின் முதல் வளைவில் என் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடித் துடித்தது. துண்டு விடவில்லை. வேர்த்துக் கொட்டியது. இரண்டாவது கியரில் போட்டு, என்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி விட்டு, கைப்பிரேக்கை விட்டு விட்டு இழுத்தேன். நாலு சக்கரமும் சொன்னபடி கேட்டன. ஓடையில் விழுந்த இடத்தில் பாறையில் இன்னும் சிவப்புப் பெயிண்ட் இருந்தது. மாதையன் அதைப் பார்த்தார். "நிறுத்து" என்றார். அந்தச் சரிவிலேயே நிறுத்தினேன். நின்றது. ஒரு அங்குலம் நகரவில்லை.

அடிவாரத்துக்கு வந்ததும் முடிச்சை அவரே அவிழ்த்தார். காலில் ரத்தம் ஓட ஆரம்பித்து எறும்பு கடித்தது போல் இருந்தது.

"நீ இறங்கு" என்றார் என்னிடம். மகனைப் பார்த்து, "வந்து உக்காரு."

அவர் இறங்கவில்லை.

சிவலிங்கம் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மலை ஏறிப் போனான். நான் ரோட்டோரத்தில் கைத்தடியோடு நின்றேன். என்ஜின் சத்தம் வளைவுக்கு வளைவு மாறிக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. அந்த அரை மணி நேரத்தில் நான் பட்ட பாடு, காலைக் கட்டிக்கொண்டு இறங்கியபோதுகூடப் படவில்லை. கடைசியில் மேலிருந்து இரண்டாவது கியரின் சத்தம், நிதானமாக, ஒரே சீராக இறங்கி வந்தது. வண்டி என் முன்னால் வந்து நின்றது. மாதையன் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா கண்ணையே தொறக்கலைங்க" என்றான் சிவலிங்கம்.

"தொறந்துதான் இருந்தேன்" என்றார் மாதையன். "ஏறறப்ப மட்டும் மூடிக்கிட்டேன்."

6. பிறகு நடந்தது

லைசென்ஸ் கொடுக்கும் போலீஸ் அதிகாரி சேலத்தில் முதலில் மறுத்தார். "சார், பக்கத்துல உக்காந்து பாருங்க. எங்க நிறுத்தச் சொல்றீங்களோ அங்க நிறுத்தறேன்" என்று சிவலிங்கம் விடாப்பிடியாக நின்றான். அவர் கடைவீதியில் ஐந்து இடத்தில் திடீர் திடீரென்று நிறுத்தச் சொன்னார். ஐந்திலும் நின்றது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. பெரிய வண்டிகள் செங்கல் மேல் ஏறி நின்றன. பேபி கார் கொஞ்சப் பெட்ரோலில் அதிகம் ஓடும் என்பதால் இண்டூர், ஏரியூர் ஜனங்கள் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் சிவலிங்கத்தைத்தான் தேடி வந்தார்கள். அது நாங்கள் யோசித்து வாங்கியதல்ல. அவன் ஆசைக்கு வாங்கியது, பிறருக்கும் உதவியது.

யுத்தம் முடிந்ததும் மிலிட்டரிக்காரர்கள் கழித்த லாரி ஒன்றை அவன் ஏலத்தில் எடுத்தான். என்னிடம் வந்து, "ஷெட் போடலாம், பங்குக்கு வாங்க" என்றான். போனேன். முப்பது வருஷம் சேர்ந்து தொழில் செய்தோம்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டி வாங்க யார் வந்தாலும் முதலில் வண்டியைக் காட்ட மாட்டோம். ஒரு பழைய சீட்டையும் ஸ்டீயரிங்கையும் மூன்று பெடலையும் மரச்சட்டத்தில் பொருத்தி வைத்திருந்தோம். அதில் அவரை உட்காரவைத்து, கை எங்கே எட்டுகிறது, கால் எவ்வளவு அழுத்துகிறது, எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கழுத்து ஒத்துழைக்கிறது என்று பார்ப்போம். எந்த ரோட்டில், யாரை ஏற்றிக்கொண்டு, எதற்காக ஓட்டப்போகிறார் என்று கேட்போம். சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஷெட்டுக்குப் போனார்கள். போகட்டும். தொப்பூருக்குப் பிறகு, ஓட்டப்போகிற ஆளை முழுதாகப் பார்க்காமல் எந்த வண்டியின் பானெட்டையும் நான் திறந்ததில்லை.